செத்த தவுக்கேயின் நாலு மணிப் பாடம்

மலாயாவில் மெர்டேக்கா என்ற சுதந்திரக் கொடி ஏறிய மறுவருஷம், தைப்பிங் பட்டணத்தில் இரும்புக் கடை வைத்திருந்த தியோ என்ற சீனக் குடும்பத்தின் மூத்த முதலாளி, பெரிய தவுக்கே பெங் ஹாக், செத்து ஒன்பது வருஷமும் நாலு மாதமும் ஆன பிறகு, இங்கிலீஷ் படிப்பதற்காக ஒரு செவ்வாய்க்கிழமை மாலை சரியாக நாலு மணிக்குத் தம் வீட்டுக்குத் திரும்பி வந்தார். முன்வாசல் வழியாகவே வந்தார். குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தார், செருப்பை ஜோடி சேர்த்து விட்டார், தொண்டையைச் செருமிக்கொண்டு பாட மேசைக்கு வந்து, பேத்தி பீ ஹுவாவுக்குப் பக்கத்தில் கிடந்த பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். பீ ஹுவாவுக்கு ஒன்பது வயது; தாத்தாவைப் படத்தில்தான் பார்த்திருந்தாள். "முழங்கையை எடுங்க தாத்தா, மை கொட்டிரும்" என்று மட்டும் சொல்லித் தன் நோட்டைத் தள்ளி வைத்துக்கொண்டாள்.

எதிரே இருந்த வாத்தியாரம்மா பவுனம்மாவுக்கு இருபது வயது. தாமதமாக வரும் மாணவரைக் கண்டு ஆசிரியர் முகம் மாறக்கூடாது என்று கான்வென்ட் கன்னியாஸ்திரீகள் அவளைப் பழக்கியிருந்தார்கள். அவள் ஒரு பென்சிலைச் சீவி, முதல் பாடப் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்து செத்தவருக்கு முன்னால் வைத்தாள்.

பவுனம்மா ஏழாங்கட்டைத் தோட்டத்துப் பெண். பட்டணத்திலிருந்து ஏழாவது மைல்கல்லில் இருந்ததால் அந்தப் பெயர். வெள்ளைக்காரன் வைத்த பெயர் வேறு, அதை அவனே வைத்துக்கொள்ளட்டும். அங்கே அறுபத்து மூன்று குடும்பம் ரப்பர்ப் பால்மரம் வெட்டியது. தோட்டத்து ஆபீஸ் கதவில் மாதத்துக்கொரு காகிதம் ஒட்டுவார்கள், அது இங்கிலீஷில் இருக்கும், அதற்கு ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி சொல்வதுதான் அர்த்தம், கிராணி சொன்ன அர்த்தம் ஒவ்வொரு தடவையும் துரைக்கும் கிராணிக்கும் சாதகமாகவே இருந்தது. ஒரு காகிதம் வந்து கிணற்றை எடுத்துக்கொண்டது, ஒரு காகிதம் வந்து மாட்டுக் கொட்டகையை எடுத்துக்கொண்டது, ஒரு காகிதம் வந்து பிள்ளை பெற்றவளின் ஒரு மாத ஓய்வைப் பத்து நாளாக நறுக்கிவிட்டுப் போனது. ஆகவே அறுபத்து மூன்று குடும்பமும் கூடி, இந்தப் பிள்ளைகளில் ஒன்றையாவது அந்தக் காகிதத்தைப் படிக்க வைத்தே தீருவது என்று முடிவெடுத்தன. பவுனம்மாவைத் தேர்ந்தெடுத்தது அவள் கெட்டிக்காரி என்பதால் அல்ல. அவள் தகப்பன் மரம் விழுந்து செத்திருந்தான், பெண்ணை அனுப்பாதே என்று சொல்ல அந்த வீட்டில்தான் ஆம்பளை இல்லை. பதினோரு வருஷம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மணி அடிப்பதற்கு முன்னால், முறை வைத்து ஆளுக்கொரு நாள் அவளைச் சைக்கிளில் ஏற்றிப் போய்க் கான்வென்ட் வாசலில் இறக்கிவிட்டார்கள். அவளை யாரும் கொஞ்சியதில்லை. மூக்குக்கண்ணாடி வாங்கியவன் கண்ணாடியைக் கொஞ்சுவானா?

சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியதும் அவள் தியோ வீட்டில் தங்கிப் பாடம் சொல்லும் வேலைக்குப் போனாள். சமையலறைக்குப் பின்னால் ஓர் அறை, காலையில் கஞ்சியும் உப்பு முட்டையும், சாப்பாட்டு மேசையின் கடைசி ஓரத்தில் ஓர் இடம். குச்சியால் சாப்பிட மூன்று வாரத்தில் பழகினாள். பன்றிக்கொழுப்பு வாசனைக்குப் பழக மூன்று மாதம் ஆயிற்று. பீ ஹுவாவுக்குப் பாடம் இரண்டு மணி நேரந்தான். மீதி நேரமெல்லாம் அந்த வீட்டுக்கே அவள் கண் தேவைப்பட்டது: மருந்துப் புட்டியில் என்ன போட்டிருக்கிறான், கப்பல் கம்பெனிக் கடிதத்தில் என்ன மிரட்டுகிறான், பால் டின்னில் நிற்கும் பசு எந்த ஊர்ப் பசு. பெரியவரின் மகன் கிம் செங்குக்கு ஐம்பத்தைந்து வயது, குரல் உயர்த்தத் தெரியாத மனிதர். அவர் மனைவி சூ லான் அவளை 'லாவ்சு' என்பாள். அவர்கள் பாஷையில் ஆசிரியர். ஞாயிறுதோறும் பவுனம்மா பஸ் ஏறி ஏழாங்கட்டைக்குப் போய், ஆபீஸ் கதவில் ஒட்டியிருந்ததைச் சத்தமாகப் படித்துச் சொல்லிவிட்டுத் திரும்புவாள். அவளைக் கண்டால் கிராணிக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சல்தான் அறுபத்து மூன்று குடும்பமும் பதினோரு வருஷம் பாடுபட்டுச் சேர்த்த ஒரே சொத்து.

செத்தவர் ஏன் வந்தார் என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. செத்தவர்களுக்கு வேண்டியதைக் காகிதத்தில் செய்து எரித்து அனுப்புவது அவர்கள் வழக்கம்: காகித வீடு, காகிதக் கார், காகித வேலைக்காரர்கள். சூ லானின் கனவில் மாமனார் வந்து, மேலுலகத்து ஆபீஸிலும் வெள்ளைக்காரன்தான் உட்கார்ந்திருக்கிறான், இங்கே இருந்து செத்துப் போனவனெல்லாம் அங்கே போய் மேசை போட்டுக்கொண்டான், இங்கிலீஷ் தெரியாமல் வரிசையிலேயே நிற்கிறேன் என்று அழுதாராம். உடனே பொம்மைக் கடையில் சொல்லி, மாவுச் சாக்கு நிறத் தாளில் ஒரு வாத்தியாரம்மா செய்து, கையில் காகிதப் புத்தகமும் கொடுத்து எரித்தார்கள்.

முதல் நாள் பாடம் முடிந்ததும் சூ லான் மாமனாருக்குத் தேநீர் வைத்தாள். "நாங்க அனுப்பின லாவ்சு வந்து சேரலையா, அப்பா?"

"வந்து சேர்ந்தா. புத்தகத்தை விரிச்சு வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா, வாயைத் திறக்கமாட்டேங்கிறா. காகிதத்துக்குச் சத்தம் ஏது? அதான் அசலைத் தேடி வந்தேன்" என்றார் பெங் ஹாக். பிறகு பவுனம்மாவை உற்றுப் பார்த்து, "பொம்மைக்காரன் மூக்கைக் கோட்டை விட்டுட்டான்" என்றார்.

அன்று முதல் அவர் தினமும் வந்தார். எதிர்க்கடை சைக்கிள் ரிப்பேர்க்காரர் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பெரியவரைப் பார்த்து நேரம் தெரிந்துகொண்டார். குலச் சங்கத்தில் கூட்டம் போட்டு, செத்த உறுப்பினர் ஒருவர் இந்தியப் பெண்ணிடம் பாடம் கேட்கலாமா என்று மூன்று மணி நேரம் விவாதித்து, உயிரோடிருக்கிறவர்களே கேட்கும்போது செத்தவருக்கென்ன என்று தீர்மானம் போட்டார்கள். அவசரகாலச் சட்டம் அமலில் இருந்ததால் போலீஸ் சார்ஜன்ட் வந்து, ஐந்து பேருக்கு மேல் கூடினால் அனுமதி வேண்டும் என்று சொல்லித் தலைகளை எண்ணி, செத்தவரைச் சேர்ப்பதா விடுவதா என்று மேலதிகாரிக்கு எழுதிக் கேட்டார், பதில் வரவில்லை. பக்கத்துத் தெருப் பணக்காரர்கள் பொறாமையில் தங்கள் சமாதிகளில் கட்டுக்கட்டாகப் பாடப் புத்தகம் எரித்தார்கள். அவர்கள் வீட்டுச் செத்தவர்கள் ஒருவருக்கும் படிக்கிற புத்தி வரவில்லை. மார்க்கெட்டுத் தமிழர்களுக்குப் பெருமை தாங்கவில்லை. "நம்ம பொண்ணு செத்த தவுக்கேயையே பெஞ்சு மேல ஏத்துதாம்யா!" என்று மீன்காரர் மீனை வெட்டிக்கொண்டே எல்லோருக்கும் சொன்னார்.

ஏழாங்கட்டையில் மட்டும் ஒருவர் கேட்டார்: "பணக்காரன் செத்தா வர்றான். நம்ம ஆளுங்க ஏன் ஒருத்தனும் வர்றதில்ல?"

தோட்டத் தொழிலாளர் சங்கத்துக் கிளைத் தலைவர் மருதை வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "எப்படிடா வருவான்? வந்தான்னா காலைல பெரட்டுல அவன் பேரையும் சேர்த்துக் கூப்பிடுவான் கிராணி. செத்தும் மரம் வெட்டணுமான்னு சத்தம் காட்டாமப் படுத்துக் கிடக்குறான்."

எல்லோரும் சிரித்தார்கள். பவுனம்மாவின் தாய் ராக்கம்மா சிரிக்கவில்லை. அவள் புருஷனும் சுடுகாட்டு மேட்டில்தான் கிடந்தான்.

செத்தவர் நல்ல மாணவர். அவருக்குத் தூக்கமில்லை, கடையில்லை, வயிறில்லை. படிப்பதைத் தவிர வேறு வேலையே இல்லை. ஒரு வரியை இங்கிலீஷில் வாசிக்க வேண்டும், உடனே அதன் அர்த்தத்தை எல்லோருக்கும் தெரிந்த சந்தை மலாயில் சொல்ல வேண்டும், இதுதான் பவுனம்மாவின் முறை. மூன்று மாதத்தில் அவர் முதல் புத்தகத்தை முடித்துவிட்டு, இனி முறைப்படி மாணவராக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கூடத்தில் சிவப்புத் துணி விரித்த நாற்காலியில் அவளை உட்கார வைத்தார்கள். எண்பத்தோரு வயதில் செத்தவர் இருபது வயதுப் பெண் முன்னால் மண்டியிட்டு, இரண்டு கையாலும் தேநீர்க் கோப்பையை நீட்டினார்.

தியோ வீட்டு வழக்கத்தில், ஆசிரியர் கோப்பையை உதட்டில் ஒற்றித் திருப்பிக் கொடுத்தால் மாணவராக ஏற்றதாகும். அடிவரை குடித்தால் பிள்ளையாக ஏற்றதாகும். இதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, ஏனென்றால் அந்தக் கூடத்தில் இருந்த எவருக்கும் அது சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. ஏழாங்கட்டையில் வழக்கம் வேறு. அங்கே ஒருவர் கொடுத்த தேத்தண்ணியில் மிச்சம் வைத்தால், அவர் கையால் வாங்கிக் குடிக்கக் கூசுகிறாய் என்று அர்த்தம்; சாதிச் சண்டையில் இரண்டு மண்டை உடைந்த பிறகு சங்கம் போட்ட சட்டம் அது, அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் எல்லாம் குவளையைக் கவிழ்த்துக் காட்டியே வளர்ந்தன. பவுனம்மா ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள். கோப்பையைக் கவிழ்த்தும் காட்டினாள்.

பெங் ஹாக் நெற்றியைத் தரையில் முட்டி "அம்மா" என்றார். கிம் செங் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாமும் மண்டியிட்டு "ஆ மா" என்றார். அப்பாவைப் பெற்றவள் என்று அர்த்தம். பீ ஹுவா விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "அப்ப இனிமே வீட்டுப்பாடம் எழுதலன்னா கொள்ளுப்பாட்டிகிட்டயா அடி வாங்கணும்?" என்று கேட்டாள்.

மறுநாளே அவளுடைய தகரப் பெட்டி மாடி முன்னறைக்குப் போயிற்று, செதுக்கிய கட்டில் வந்தது, சாப்பாட்டு மேசையில் அவள் இடம் கடைசியிலிருந்து முதலுக்கு நகர்ந்தது, அவள் குச்சியை எடுக்காமல் யாரும் எடுப்பதில்லை. காலையில் சூ லான் குனிந்து தேநீர் கொடுத்தாள். தெருவில் வயதானவர்கள் எழுந்து நின்றார்கள். எல்லாம் உண்மையான மரியாதை, ஒருவரும் நடிக்கவில்லை, அதுதான் அதன் கொடுமை. ஏனென்றால் குடும்பத்தின் மூத்தவள் மார்க்கெட்டுக்குப் போகக் கூடாது, மூத்தவள் பஸ்ஸில் ஏறினால் குடும்பம் சோற்றுக்கு வழியில்லாமல் போய்விட்டது என்று ஊர் சொல்லும், மூத்தவளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு கிழமை கிடையாது. அடுத்த ஞாயிறு அவள் பையை எடுத்தபோது கிம் செங் வருத்தத்தோடு கேட்டார்: "சொந்த வீட்டுல யாராவது லீவு கேப்பாங்களா, ஆ மா?" வேலைக்காரியாக இருந்தவரை அவளுக்கு வாரத்தில் ஒரு நாள் இருந்தது. அம்மாவாக ஆனதும் அதுவும் போயிற்று.

ஏழாங்கட்டை மக்கள் இதைக் கோபமில்லாமல் எடுத்துக்கொண்டார்கள். "நம்ம பவுனு தவுக்கேக்கு அப்பாயி" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், சிரித்துச் சிரித்து அதில் ஒரு தெம்பும் வந்தது, கிராணி வைதால், "எங்களுக்கும் ஆள் இருக்கு, பாத்துக்க" என்றார்கள். ஆபீஸ் கதவில் காகிதங்கள் படிப்பாரின்றி மஞ்சளாயின.

அடுத்த வருஷம் மார்ச் மாதக் கடைசியில் மருதை வந்தார். முன்வாசலில் அவருக்கு நாற்காலி போட்டு, தட்டில் ஆரஞ்சுப் பழம் வைத்து, கிம் செங் இரண்டு கையும் கூப்பிவிட்டு உள்ளே போனார்.

"ஒம் பேரன் எனக்கு நாற்காலி போடுறான் புள்ள!" என்று மருதை தொடையைத் தட்டிச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "தோட்டத்த வெள்ளைக்காரன் வித்துட்டான். யாரோ பங்காளிங்க சேர்ந்து வாங்கியிருக்காங்க, துண்டு துண்டாப் போட்டு விக்கப் போறாங்கன்னு பேச்சு. வர்ற ஞாயித்துக்கெழம காகிதம் கொண்டாறாங்க. புது மொதலாளிகிட்ட பேர் பதியிறதுக்காம், எல்லாரும் கைநாட்டு வைக்கணுமாம்."

"நான் படிக்காம யாரும் வைக்கக்கூடாது மாமா."

"அதுக்குத்தானே வந்தேன். நீ வந்து படிச்சுச் சொல்லாம ஒருத்தனும் பெருவிரல நீட்டக்கூடாதுன்னு கோயில்ல சூடத்த அணைச்சுச் சத்தியம் வாங்கியிருக்கேன். வந்திருவியா?"

"வந்துருவேன்."

அன்று மாலை அவள் கிம் செங்கிடம் கேட்கவில்லை, சொன்னாள்: ஞாயிறு காலை நான் ஏழாங்கட்டையில் இருக்க வேண்டும். அவர் திகைத்துப் போனார். அந்த ஞாயிறுதான் செங் பெங், சமாதிகளைக் கழுவிப் படையல் வைக்கும் நாள். பெரியவரின் சமாதிக்கு முன்னால் அவர் அம்மா ஸ்தானத்தில் இருப்பவள் உட்காரவில்லை என்றால் தியோ குலம் முழுக்க மலையில் நின்று கேட்கும். "பன்னிரண்டு மணிக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும், ஆ மா. மலையிலேருந்து நேரா என் காரே உங்களை அங்க கொண்டுபோகும். நான் வாக்குக் கொடுத்தா மாறினது உண்டா?"

மாறியதில்லை. அதுவும் உண்மைதான். சத்தியம் வாங்கியிருக்கிறது, மத்தியானம் வரை காத்திருப்பார்கள் என்று அவள் நினைத்தாள்.

ஞாயிறு மலையில் வெயில் கொளுத்தியது. புல் செதுக்கினார்கள், கல்லைக் கழுவினார்கள், எழுத்துகளுக்குச் சிவப்புச் சாயம் தொட்டார்கள். குலத்தார் ஒவ்வொருவராக வந்து அவளை வணங்க, அவள் ஒவ்வொருவருக்கும் தலையசைக்க, வரிசை மலையடிவாரம் வரை நீண்டது. பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று. எழுந்தால் வரிசையில் நின்ற முதியவர்கள் பதறினார்கள், அவள் மறுபடி மறுபடி உட்கார்ந்தாள். கார் ஏழாங்கட்டைச் செம்மண் பாதையில் திரும்பியபோது மணி மூன்றரை. கிம் செங் வாக்கு மாறவில்லை. மலையிலிருந்து நேராகத்தான் அவர் கார் கொண்டுபோய் விட்டது.

கோயில் முற்றத்தில் சனம் கலைந்து உட்கார்ந்திருந்தது. முறுக்கும் வாழைப்பழமும் பங்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். காரிலிருந்து அவள் இறங்கியதும் பிள்ளைகள் "அப்பாயி வந்திருச்சு" என்று கத்தின. பழம் உரித்த கைகளை அவள் பார்த்தாள். எல்லோருடைய பெருவிரலும் நீலமாக இருந்தது.

"மாமா" என்றாள். "சத்தியம் வாங்கினீங்களே?"

"வாங்கினேன், வாங்காம என்ன. எட்டு மணிக்கே காகிதத்தோட ஒரு ஆளு வந்தான். நாங்க முடியாதுன்னுட்டோம். பத்து மணி வரைக்கும் ஒருத்தன் அசையல" என்றார் மருதை. அவர் முகத்தில் குற்ற உணர்வே இல்லை, பெருமைதான் இருந்தது. "அப்புறம் அவன் கேட்டான், நீங்க யாருக்காகக் காத்திருக்கீங்கன்னு. பவுனம்மாவுக்குன்னோம். ஆளு சிரிச்சிட்டான். தோட்டத்த வாங்கினவங்கள்ல மொத ஆளே கிம் செங் தவுக்கேதானாம்ல! அப்பாயிக்கு மலையில வேல, எங்க வீட்டுக்கே பெரியவங்க அவங்க, அவங்க ஊருக்கு நாங்க கெடுதல் செய்வோமான்னு கேட்டான். ஒம் பேரன் வூட்டுக் காகிதத்த நீ வந்துதான் படிக்கணுமா புள்ள? அதான் வெச்சோம். ஒங்கம்மாதான் மொதல்ல வெச்சா."

ராக்கம்மா நீல விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டே மகளைப் பார்த்துச் சிரித்தாள்.

பிரதி ஒன்றை மருதையிடம் விட்டுப் போயிருந்தார்கள். பவுனம்மா அதை வாங்கினாள். தலைப்பில் பதினோரு பங்காளிகளின் பெயர் இருந்தது: ஏழு சீனர், இரண்டு செட்டியார், ஒரு மலாய்ப் பிரமுகர், ஒரு வெள்ளைக்கார வக்கீல். கொள்ளையில் மட்டும் இந்த நாட்டில் இன ஒற்றுமைக்குக் குறைவே இருந்ததில்லை. அவள் கண் வரிகளில் இறங்கியது, அடிவரை இறங்கியது, மேலே ஏறி மறுபடி இறங்கியது. பதினோரு வருஷம் இதற்காகத்தான் சைக்கிளில் போனாள். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

"என்ன போட்டிருக்கு?" என்று யாரோ கேட்டார்கள். "சொல்லேன் பவுனு."

அப்போது மணி நாலு. செம்மண் பாதையில் குடையைப் பிடித்துக்கொண்டு பெங் ஹாக் வந்தார். அன்று வீட்டில் பாட மேசை காலியாகத்தான் இருக்கும் என்று தெரிந்து, ஆசிரியர் போகுமிடம் விசாரித்து, மத்தியானமே புறப்பட்டு ஏழு மைலும் நடந்தே வந்திருந்தார். வியர்வை இல்லை, தூசி மட்டும் இருந்தது. சனம் எழுந்து வழிவிட்டது. ஒரு பெண் அவருக்குப் பலகை எடுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்து, நோட்டை முழங்காலில் விரித்து, இன்றைய பாடம் எது என்பதுபோலப் பவுனம்மாவைப் பார்த்தார்.

அவள் காகிதத்தை அவர் கையில் கொடுத்தாள்.

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒரு வரி இங்கிலீஷ், ஒரு வரி மலாய் என்று நிதானமாக வாசிக்கத் தொடங்கினார். கீழே கைநாட்டு வைத்திருக்கும் நாங்கள், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், முழுமனதோடு எழுதிக் கொடுப்பது. இந்தத் தோட்டத்தில் எங்களுக்கு இனி வேலை கேட்கும் பாத்தியம் இல்லை. நாங்கள் குடியிருக்கும் லயன் வரிசை வீடுகளை இன்றிலிருந்து முப்பது நாளில் ஒழித்துக் கொடுக்கிறோம். கோயில், பள்ளிக் கொட்டகை, சுடுகாட்டு மேடு ஆகிய இடங்கள் மேல் எங்களுக்கோ எங்கள் வாரிசுகளுக்கோ எந்த உரிமையும் இல்லை. இதன் பொருள் எங்களுக்கு எங்கள் பாஷையில் முழுமையாகப் படித்துச் சொல்லப்பட்டது. படித்துச் சொன்னவர், தியோ குடும்பத்து மூத்தவர் பவுனம்மா.

முறுக்குத் தின்று கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். மருதை உட்கார்ந்துவிட்டார். பெரியவர் கடைசிப் புள்ளி வரை வாசித்து, காகிதத்தை மடித்து, "நல்ல இங்கிலீஷ். எங்கேயும் ஒரு ஓட்டை இல்ல. என் மகன் கெட்டிக்காரன்" என்று மலாயில் சொன்னார்.

யாரும் அழவில்லை. அறுபத்து மூன்று குடும்பமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டது. பிறகு ராக்கம்மா எழுந்து மகளிடம் வந்தாள். "செத்த மனுசன்" என்றாள். "எம்பளத்தோரு வயசு. இப்பத்தான் படிக்க ஆரம்பிச்சிருக்காரு. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரு தப்புத் தப்பாத்தானே வாசிப்பாரு?" அவள் மகளின் கையைப் பிடித்தாள். "சொல்லு பவுனு. தப்பா வாசிச்சிட்டாருதானே?"

கூட்டம் முழுக்க, பிள்ளைகள் உட்பட, அவள் வாயையே பார்த்தது. செத்தவரும் பார்த்தார்.

"இல்லம்மா" என்றாள் பவுனம்மா. "சரியாத்தான் வாசிச்சாரு. ஒரு எழுத்துப் பிசகல."

பெங் ஹாக்கின் முகம் மலர்ந்தது. அவள் வாயிலிருந்து அவர் கேட்ட முதல் பாராட்டு அது.